அப்பாவின் வாயைத் திறந்த மீன்

பியர்பொன்ட்ஸ், மொன்றியல்
30 ஆடி 2006

என் அன்பு மகன் றொசானுக்கு,

அம்மா எழுதுகிறேன். மாதாவின் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம். இந்த முறை அதை வழக்கத்துக்காக எழுதவில்லை ராசா, உண்மையாகவே சுகம். நீயும் போர்ட் மக்மறியில் வேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடி வேலைக்குப் போய்வருகிறாய் என்று நம்புகிறேன். இதை ரெலிபோனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். இரண்டு தரம் சொல்ல வெளிக்கிட்டு அழுகை வந்து விட்டுவிட்டேன். அதுதான் இன்று பூசை முடிந்து வந்து, கறியை அடுப்பில் வைத்துவிட்டு, ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

இந்த மாதம் இங்கே வெக்கை தாங்க முடியவில்லை, மேல்வீட்டு அறைகளில் காலே வைக்க முடியாது. நீ வைகாசியில் வந்தபோது அப்பாவின் கட்டிலைக் கீழே இறக்கித் தந்தது பெரிய உதவி, ஆனால் அவர் இரவில் கண் மூடுவதில்லை, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு கிடப்பார். கார்த்திகையில் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்த நாளிலிருந்து அவர் வாயில் ஒரு சொல்லும் வரவில்லை என்பது உனக்குத் தெரியும். உனக்கு நான் சொல்லாதது ஒன்று இருக்கிறது. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பிள்ளை ஆனி மாதத் தொடக்கத்தில், முதல் ஆறு மாதத்தில் வராத பேச்சு பிறகு மெல்ல மெல்லத்தான் வரும், வராமலும் போகலாம் என்று சொல்லி, வாரத்துக்கு இரண்டு நாள் இருந்ததை மாதத்துக்கு ஒருநாள் ஆக்கிவிட்டாள். அதைக் கேட்டுவிட்டு அக்கா ஜெசிக்கா பராமரிப்பு இல்லத்துக்கான படிவத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அவளைக் கோபிக்காதே. "அம்மா, அப்பாவைத் தூக்கித் தூக்கி உங்கட நாரி முறிஞ்சால் ரெண்டு பேரையும் ஆர் பாக்கிறது" என்று கேட்டாள். அவளுக்கும் கைக்குழந்தை, வேலை, சென்ட் லோரன்டிலிருந்து வருவதென்றால் இரண்டு பஸ். அவள் கேட்டது நியாயந்தான். படிவத்தில் எல்லாம் நிரப்பிவிட்டேன், கையெழுத்து மட்டும் வைக்கவில்லை.

ஒரு இரவு வீட்டுக்குள் மூச்சு முட்டுவதுபோல் இருந்தது. அப்பாவைச் சக்கர நாற்காலியில் ஏற்றி, தெரு முடிகிற இடத்தில் ஆற்றங்கரைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அங்கே நம் மூன்றாம் வீட்டு றெஜான் இருட்டுக்குள் தனியாக நின்று மீன் பிடித்துக்கொண்டிருந்தார். அதுதான், முந்தி மெற்றோ ஓட்டிய, பெரிய மீசைக்காரன். பாஸ் என்ற மீன்தான் அவர் பிடிப்பது, பிரெஞ்சில் அஷிகான் என்கிறார். பகல் வெக்கைக்கு அது ஆழத்தில் போய்ப் படுத்துவிடுமாம், இரவில்தான் இரைதேடிக் கரைப்பக்கம் வருமாம். அதனால் கோடை முழுக்க அவருக்கு இரவுதான் வேலை. வெளிச்சம் வைக்கமாட்டார். தவளைபோலக் கறுப்பாக ஒரு றப்பர் இரையை எறிந்து மெல்ல இழுப்பார், அது களக் களக் என்று நீர்மேல் வரும், மீன் அதை அடிக்கிற சத்தத்தைக் காதால் கேட்டுத்தான் பிடிக்கிறார். பிடித்ததைத் திரும்பவும் ஆற்றில் விட்டுவிடுவார். இதென்ன விசர் வேலை என்று முதல்நாள் நினைத்தேன். ஆனால் அப்பா கழுத்தை நீட்டி அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார் தம்பி. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் ஒன்றைக் கவனித்ததைக் கண்டேன். அடுத்த இரவும் போனோம், அதற்கடுத்த இரவும் போனோம்.

நாலாம் நாள் றெஜான் ஒரு தூண்டில் தடியை அப்பாவின் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் செருகி, றீலைச் சுற்றும்படி இடக்கையில் பிடித்துக் கொடுத்தார். அப்பா அதைத் தூக்கிப் புல்லில் எறிந்துவிட்டார். எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது, மன்னிப்புக் கேட்டேன். அந்த மனுசன் தடியை எடுத்துத் துடைத்தார். அடுத்த நாளும் அதே இடத்தில் வைத்தார். அன்றைக்கு அப்பா எறியவில்லை. பிறகு றெஜானே சொல்லி அனுமதிப் பத்திரமும் எடுத்துவிட்டோம், ஆகவே பொலிஸ் பிடிக்கும் என்று நீ பயப்பட வேண்டாம். றெஜான் எறிந்து கொடுப்பார், அப்பா ஒற்றைக் கையால் சுற்றுவார், நான் பக்கத்தில் இருந்து நுளம்பு அடிப்பேன். ஒரு கிழமை முழுக்க ஒரு மீனும் படவில்லை.

போன செவ்வாய்க்கிழமை பத்தரை மணியிருக்கும், காற்றே இல்லை. கல் விழுந்தமாதிரி ஆற்றில் ஒரு சத்தம் கேட்டது, தடி வில்லாக வளைந்தது. அப்பா இடக்கையால் தடியை இறுக்கிப் பிடித்துவிட்டார், அதனால் றீலைச் சுற்றக் கையில்லை. றெஜான் அந்தப் பக்கம் தன் நூலின் சிக்கு எடுத்துக்கொண்டு நின்றார். நான் ஓடிப்போய் நூலையே கையால் பிடித்து, கிணற்றுக் கயிறு மாதிரி இழுக்கத் தொடங்கினேன். மீன் ஒரு உதறு உதறியது, நூல் விரலை அறுத்தது, நான் விடவில்லை. அப்போதுதான் எனக்குப் பின்னால், "விசரி! நூலை விடு!" என்று கேட்டது.

ஆர் கத்தியது என்று திரும்பிப் பார்த்தேன் றொசான். உன் அப்பா. கண் இரண்டும் ஆற்றில்தான் இருந்தது, தான் கதைத்தது அவருக்கே தெரியவில்லை. நான் நூலை விட்டேன், திரும்பவும் "விடு, விடு" என்றார். அதற்குள் றெஜான் வந்து றீலைச் சுற்ற, அப்பா தடியைப் பிடிக்க, இரண்டு பேருமாக மீனைக் கரைக்கு எடுத்தார்கள். என் முழங்கை நீளம் இருக்கும். அப்பா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, ஆற்றில் விடும்படி தலையை ஆட்டினார். அவர் என்ன சொன்னார் என்று றெஜான் கேட்டார். ஃபாக்டறியில் பழகிய அரைகுறைப் பிரெஞ்சில், எனக்குப் பைத்தியம் என்று சொன்னார் என்றேன். அவர் தொப்பியைக் கழற்றி அப்பாவுக்கு முன்னால் குனிந்தார். முப்பத்தொரு வருடக் கலியாண வாழ்க்கையில் அப்பா என்னை ஏசி நான் சந்தோசப்பட்டது அன்றைக்கு மட்டுந்தான்.

விடிந்தபோது மறுபடியும் ஒரு சொல்லும் வரவில்லை. புதனும் வியாழனும் வாயைத் திறந்து திறந்து பார்த்துவிட்டுக் கோபத்தில் கோப்பையைத் தட்டிவிட்டார். அந்த ஒரு தரத்தோடு முடிந்துவிட்டது என்று குசினிக்குள் நின்று அழுதேன். வெள்ளிக்கிழமை காலையில் "தண்ணி" என்றார். சனிக்கிழமை என்னை "மெல்டா" என்றார், "இ" இன்னும் வரவில்லை. பயிற்சிக்காரப் பிள்ளைக்குப் போன் பண்ணினேன், பதற்றத்தில் வந்த சொல் மற்றச் சொற்களுக்கும் வழிவிடலாம், ஆனால் உறுதி சொல்லமாட்டேன் என்றாள். சொல்லிவிட்டு, திங்களிலிருந்து திரும்பவும் வாரத்துக்கு இரண்டு நாள் வரச் சொன்னாள். எனக்கு அது போதும். ஜெசிக்கா வந்து "தண்ணி"யைக் கேட்டுவிட்டு, படிவத்தைத் தானே எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டு மூடினாள். நான் அதைக் கிழிக்கச் சொல்லவில்லை, ஒருநாள் தேவைப்படலாம். இப்போது தேவையில்லை.

நீ என் நாரியைப் பற்றிக் கவலைப்படாதே, றெஜானின் மகன் வாசலில் பலகை அடித்து நாற்காலி இறங்க வழி செய்து தந்திருக்கிறான். நீ இரவு வேலைக்கு அந்த நீண்ட ரோட்டில் கார் ஓடும்போது நித்திரை தூங்கினால் ஓரமாக நிறுத்து. வெறும் பாணில் காலம் தள்ளாதே.

மாதாவும் உன் காவல்சம்மனசும் உன்னோடு இருக்கட்டும். ஒன்றை மட்டும் மறவாதே. ஞாயிற்றுக்கிழமைகளில் நீ அப்பாவைப் பற்றிக் கேட்காமலே போனை வைக்கிறாய், அவர் பேசமாட்டார் என்ற துக்கத்தில்தான் என்று எனக்குத் தெரியும், குறையாகச் சொல்லவில்லை. வாற ஞாயிறு நான் போனை அப்பாவின் காதில் வைப்பேன். சத்தம் ஒன்றும் வராவிட்டால் லைன் அறுந்துவிட்டது என்று வைத்துவிடாதே. அவர் உன் பெயரைத் தேடிக்கொண்டிருப்பார். எவ்வளவு நேரம் என்றாலும் பிடித்துக்கொண்டு நில்.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா
இமெல்டா பத்திநாதர்