கொஞ்சம் இப்படித் திரும்பு

3 பிப்ரவரி 2025, திங்கள்

எங்கள் ஷார்ஜா கேலரிக்கு இன்று ஒரு பிரெஞ்சு லித்தோகிராஃப் வந்தது. கல்லில் வரைந்து அச்செடுத்த கேலிச்சித்திரம், 1840களின் பாரிஸ். மாடிப்படியில் ஒரு சீமாட்டி ஏழைக் கிழவனுக்கு சூப் நீட்டுகிறாள். அவள் புருஷன் விளக்கை உயர்த்திப் பிடித்திருக்கிறான், மனைவி முகத்தில் வெளிச்சம் விழ. கிழவனிடம் சொல்கிறான்: "கொஞ்சம் இப்படித் திரும்பு, அடுத்த வீட்டுக்காரர்களுக்கு உன் நன்றி தெரியவில்லை."

பாண்டிச்சேரியில் படித்த பிரெஞ்சு இதற்காவது உதவியது. சிரித்துவிட்டேன். ஓனர் ஆலியா மேடம் இதற்கு ஒரு சின்னக் குறிப்பு கேட்டிருக்கிறார்.

7 பிப்ரவரி

தொழிலாளர்கள் தங்கும் லேபர் கேம்பில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் அரிசி வினியோகம். என் கணவர் கௌரிதான் செயலாளர், பெண்டாட்டி என்பதால் நானும் போயாக வேண்டும்.

வீரபாண்டி என்று ஒருவர், ஐம்பது வயதிருக்கும். ஒரே மூட்டையை அவரை மூன்று முறை வாங்க வைத்தார் கௌரி. "அண்ணே, கேமராவப் பாருங்க. லேசா சிரிங்க." அவர் துண்டால் முகத்தை மறைத்தார். கௌரி தோளில் தட்டி, துண்டை இறக்கிவிட்டார்.

பின்னால் பேனரைப் பிடித்துக்கொண்டு நின்றது யார்? நான். சீ.

8 பிப்ரவரி

சங்கத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் படம் வந்துவிட்டது. 'உழைக்கும் உறவுகளுக்கு உதவிக்கரம்' — அந்தத் தலைப்பும் நான் எழுதியதுதான்.

12 பிப்ரவரி

பேனரில் இருந்த நம்பருக்கு வீரபாண்டி கூப்பிட்டார். கௌரி போனை என்னிடம் தள்ளினார். "நீயே பேசு."

"மேடம், அந்தப் படம் ஊருக்குப் போயிருச்சு. பொண்ணு நாகஜோதிக்குக் கல்யாணம் பேசி வச்சிருக்கோம். நான் போர்மேன்னு சொல்லியிருந்தேன். பொய்யில்ல மேடம், கம்பெனி மூடுற வரைக்கும் போர்மேன்தான். படத்த எடுத்துரச் சொல்லுங்க."

கௌரியிடம் சொன்னேன். "அரிசி வாங்குறப்போ கூசலையாமா?" என்றார்.

பன்னிரண்டு வருஷமாக இந்த மனுஷனோடு ஒரே தட்டில் சாப்பிடுகிறேன்.

பக்கத்தின் பாஸ்வேர்டு என்னிடமும் இருக்கிறது. எல்லாப் படங்களையும் அழித்தேன். ஒன்றையும் விடவில்லை.

13 பிப்ரவரி

கௌரி ஹாலில் படுத்துக்கொண்டார். நல்லது.

19 பிப்ரவரி

லித்தோகிராஃபுக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். 1835இல் அங்கே அரசியல் கேலிச்சித்திரங்களை அடக்கச் சட்டம் வந்தது. வரைகிறவர்கள் வசதியானவர்களின் வீட்டுக்கூடங்கள் பக்கம் திரும்பினார்கள். கூலியைக் குறைத்தவர்களே தர்மமும் செய்த காலம் என்று முடித்திருந்தேன்.

கூலி வரியை எடுத்துவிடலாமா, திறப்பு விழாவுக்கு ஸ்பான்சர்கள் வருகிறார்கள் என்றார் ஆலியா மேடம். முடியாது என்றேன். அப்படியானால் படமே வேண்டாம் என்று உள்ளே வைக்கச் சொல்லிவிட்டார். நூற்று எண்பது வருஷம் கழித்தும் உறைக்கிறது போல.

2 மார்ச்

வீரபாண்டியைக் கூப்பிட்டேன். மாப்பிள்ளை வீட்டார் படத்தைக் காட்டி ஏதோ கேட்டிருக்கிறார்கள். "எம் பொண்ணே வேணாம்னுட்டா மேடம். எங்கப்பா அரிசி வாங்குனா உங்களுக்கென்னன்னு கேட்டாளாம்." அப்புறம் அழுதார். மன்னிப்புக் கேட்டேன். விடுங்க மேடம் என்றார். எப்படி விட?

8 மார்ச்

வினியோகத்தில் இனி படம் எடுப்பதில்லை — சங்கக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்தேன். எதிர்த்துக் கை தூக்கியவர்களில் கௌரியும் ஒருவர். ஒரே ஓட்டில் ஜெயித்தது.

21 மார்ச்

கேம்புக்குப் போனோம். போன தடவை சங்கத்திலிருந்து முப்பது பேர்; இன்று நான், பிருந்தா, இன்னும் இரண்டு பேர். மூட்டைகளை மெஸ் வாசலில் இறக்கிவிட்டு வந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் கௌரி கேட்டார். "எத்தனை பேர் வந்தாங்க?"

"நாலு."

"மூட்டையெல்லாம் யார் தூக்கினா?"

"நாங்கதான்."

உள்ளே போய்த் தைலத்தை எடுத்துவந்து மேஜையில் வைத்தார். "அடுத்த தடவை எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"