சிரிக்கும் பதினொருவர்

தம்பிக்கு,

நீ விட்டுப்போன கால்பந்துப் புத்தகத்தை வாசித்தேன். 1939-இல் லீக் வென்ற உன் ஆங்கிலக் கிளப்பின் படத்தில் எல்லாரும் சிரிக்கிறார்கள். அடுத்த பருவம் தொடங்கியதுமே போர் வந்து ஆட்டம் நின்றுபோனது.

நீ பாதியில் விட்டுப்போன நம் ஊர் இன்சீன் அணியும் கோப்பை வென்றுவிட்டது. ஞாயிறு பரிசளிப்பு. "புள்ள ஒரு எட்டு வந்துட்டுப் போவட்டுமே" என்கிறாள் அம்மா.

நேற்று, பட்டாளத்துக்குக் கட்டாயமாய் ஆள் பிடிக்கும் வார்டு ஆபீஸ்காரர் இனிப்போடு வீட்டுக்கு வந்தார்.

"உங்க கோல்கீப்பருக்குத் தனி மெடல் இருக்கு, தங்கச்சி. கட்டாயம் வரச் சொல்லுங்க."

கோல்கீப்பருக்கு இங்கே யார் எப்போது தனி மெடல் கொடுத்தார்கள்? அம்மா போனில் அழுதாலும் தாய்லாந்திலேயே இரு. அணிப் படத்தில் உன் இடத்தைக் காலியாக விடச் சொல்லியிருக்கிறேன்.

உன் அக்கா