விருந்தினர் பதிவேட்டில் மூன்றாவது கட்டம்

6 செப்டம்பர் 2024

காலையிலிருந்து கே.கே. நகரில் தண்ணீர் வரவில்லை. அந்த எரிச்சலில் இருந்தபோதுதான் மகள் ஃபெமினா அழைப்பிதழை நீட்டினாள். கண்டோன்மென்ட் கிளப்பின் பவள விழா, பதினான்காம் தேதி. பல் டாக்டர் என்பதால் இந்த வருடம் அவளை மெம்பராகச் சேர்த்திருக்கிறார்கள். என்னைத் தன் கெஸ்டாகக் கூட்டிப்போகிறாளாம்.

அந்தக் கிளப் அடுப்படியில் இருபத்திரண்டு வருடம் நின்றவள் நான். முன்வாசலில் எத்தனை படி என்று இன்றுவரை தெரியாது.

9 செப்டம்பர்

வாசலில் ஒரு பதிவேடு உண்டாம். விருந்தினர் பெயர், உறவு, தொழில் மூன்றும் எழுத வேண்டுமாம். "தொழில்ல ஹவுஸ்வைஃப்னு போட்டுடும்மா" என்றாள் ஃபெமினா. சரி என்று தலையாட்டிவிட்டேன்.

ஏன் ஆட்டினேன்? நான் பொரிச்ச கட்லெட்லதானே இவ படிச்சா?

12 செப்டம்பர்

பட்டுப்புடவைக்கு ஃபால்ஸ் தைத்து வந்தாயிற்று. போகத்தான் போகிறேன்.

15 செப்டம்பர்

சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து வந்து எழுதுகிறேன்.

நேற்று வாட்ச்மேன் பெரியண்ணன் என்னைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் பின்கேட்டைத் திறக்க ஓடினார். இன்றைக்கு இந்தப் பக்கம் என்று முன்வாசலைக் காட்டினேன். ஏழு படி.

பேனாவைப் பிடித்தேன். லூர்துராணி. தாய். மூன்றாவது கட்டத்தில் — சமையல், இதே கிளப்பில், இருபத்திரண்டு வருடம். ஃபெமினா முகம் சுருங்கிப்போனது. சுருங்கட்டும் என்று உள்ளே நடந்தேன்.

எங்கு பார்த்தாலும் விளக்கு, வைரத்தோடு, சென்ட் வாசனை. செக்ரெட்டரி ரத்தினவேல் சார் பேச்சு மும்முரத்தில் ஏறிட்டும் பார்க்காமல் எச்சில் தட்டை என்னிடம் நீட்டினார். கை தானாக வாங்கிவிட்டது. பாழாய்ப்போன கை! அப்புறம் அதை அவர் முன்னாலேயே மேஜையில் வைத்துவிட்டு, எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"நானும் சாப்பிடத்தான் வந்திருக்கேன் சார். நல்லா இருக்கீங்களா?"

கட்லெட்டில் உப்பு தூக்கல். இருந்தாலும் இரண்டு சாப்பிட்டேன்.

24 செப்டம்பர்

கிளப்பிலிருந்து அவளுக்குக் கடிதம். முன்னாள் ஊழியர்களை விருந்தினராக அழைத்து வரக் கூடாதாம். மீறினால் மெம்பர்ஷிப் போய்விடுமாம்.

அழுதுவிட்டேன். என் வீம்பால பிள்ளைக்குக் கேடா? ஆனாலும் எழுதியதை அடிக்க மாட்டேன்.

ஃபெமினா கிளினிக்கைப் பூட்டிவிட்டு வந்து விதிப் புத்தகத்தை வரி வரியாகப் படித்தாள். "அப்படி ஒரு ரூலே இல்லம்மா" என்றாள். பதிலையும் அவளே எழுதினாள். எனக்குக் காட்டவில்லை.

3 நவம்பர்

கிளப்காரர்கள் இதுவரை வாய் திறக்கவில்லை.

அங்கே முப்பது வருடம் பாத்திரம் துலக்கிய பவுனம்மாள் போன மாதம் வேலையை விட்டு நின்றாள். அவளையும் கூட்டிப்போகலாம் என்று ஃபெமினாதான் ஆரம்பித்தாள். நான் கேட்கவே இல்லை.

இன்று ஸ்ரீரங்கத்திலிருந்து ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் புதுச் சேலையோடு வந்து இறங்கினாள். கிளப் படியில் செருப்பைக் கழற்றப் போனவளை, போட்டுக்கொண்டே வா என்று இழுத்தேன். பெரியண்ணன் பின்கேட் பக்கம் திரும்பவே இல்லை.

பவுனம்மாளுக்கு எழுத வராது. நான் கை நீட்டுமுன் ஃபெமினா பேனாவை எடுத்துக்கொண்டாள். செப்டம்பர் பக்கத்தைப் புரட்டி என் வரியைப் பார்த்தாள். பிறகு மூன்றாவது கட்டத்தில் நிறுத்தி நிதானமாக எழுதினாள்: பாத்திரம் துலக்குதல், இதே கிளப்பில், முப்பது வருடம்.