விறகோடு வந்தவள்

1961 ஜூலை 12, புதன்.

டாக்டர் சொன்னபடி இன்று விடியற்காலை நடக்கப் போனேன். தேயிலைத் தோட்ட ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து, தோட்டத்தை நடத்தும் துரையின் ஏச்சைக் கேட்டே உடம்பு ஊதிவிட்டது.

மலை வளைவில் விறகுக்கட்டோடு வந்த பெண், என்னைக் கண்டதும் அதைப் பாதையோரத் தண்ணீர் ஓடும் கானுக்குள் தள்ளிவிட்டாள். தோட்டத்து மரத்தை வெட்டினால் வேலை போய்விடும்.

"தொரைகிட்ட சொல்லிடாதீங்க ஐயா."

"நான் உடம்புக்காக நடக்கிறேன். எடுத்துக்கிட்டுப் போ."

"சும்மா யாருங்க இந்த மழையில நடப்பாங்க?"

வெறுங்கையோடு போய்விட்டாள். மாலையிலும் கட்டு அங்கேயே நனைந்து கிடந்தது. எனக்கு வருத்தம்கூட வரவில்லை.

நடந்து நனைந்த சப்பாத்து அடுப்பருகே காய்கிறது. எனக்குத் தோட்டமே விறகு கொடுக்கிறது. நாளை வேறு பாதையில் நடக்கலாம். அங்கேயும் யாராவது விறகோடு வருவார்கள்.