கூறைச் சேலையில் ஒரு நட்சத்திரம்

துரொண்ட்ஹெய்ம்
12.10.2004

அருள்ராணிக்கு,

நீயும் மகள் மயூராவும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உன் வீட்டுக்கு வந்துபோன ஸ்ரீதரன் ஒரு கதை சொன்னான். கல்யாணக் கூறையை வெட்டி, யாரோ வெள்ளைக்காரியின் பழைய போர்வைக்கு ஒட்டுப் போட்டிருக்கிறாயாம். அம்மா சாப்பிடாமல் கிடக்கிறா. "கூறையை வெட்டினவள் இனி எதையும் வெட்டுவாள்" என்கிறா.

கோபத்தில் ஒருமுறை கை நீட்டிவிட்டேன். அதற்காக வீட்டை விட்டுப்போய் இவ்வளவு காலமா? அந்தக் கந்தலை எறிந்துவிட்டு மகளோடு வா. நானும் எல்லாவற்றையும் மறக்கிறேன்.

மகேசன்

*

மோர்டென்ஸ்ருட், ஒஸ்லோ
20.10.2004

மயூராவின் அப்பாவுக்கு,

நாங்கள் நல்ல சுகம். மாமியைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

அது கந்தல் இல்லை. பக்கத்து வீட்டு இங்கெரின் முன்னோர் அமெரிக்காவில் இருந்து திரும்பும்போது கொண்டுவந்த போர்வை. எட்டுச் சாய்சதுரத் துண்டுகள் சேர்ந்தால் ஒரு நட்சத்திரம், முழுக்கக் கைத்தையல். உடுத்த உடுப்போடும் கூறை இருந்த ஒரு பையோடும் நாங்கள் இங்கே வந்து நின்ற குளிரில், இங்கெர் அதைத்தான் மயூராவுக்குப் போர்த்திவிட்டார். இப்போது எங்களுக்கே தந்துவிட்டார்.

நடு நட்சத்திரத்தைப் பூச்சி அரித்திருந்தது. நான் கூறையை எடுத்ததும், "வேண்டாம் அருள், வேறு துணி வாங்கலாம்" என்று தடுத்தார். நான் கேட்கவில்லை. எட்டுத் துண்டுகளையும் நானே வெட்டித் தைத்தேன். எட்டு முனையும் பிசகாமல் நடுவில் சேர்ந்தபோது வாய்விட்டுச் சிரித்தேன்.

அந்தக் கூறையோடு நான் நிற்கிற படத்துக்குக் கீழே வைத்துத்தானே அடித்தீர்கள்? ஒருமுறையா? நான் வரமாட்டேன்.

அருள்ராணி

*

துரொண்ட்ஹெய்ம்
27.10.2004

அருள்ராணி,

ஞாயிறு, எங்கள் கல்யாணத்தைப் பேசி முடித்த இரத்தினவேல் அண்ணரோடு வருகிறேன். போர்வையை எடுத்து வை. கூறைத் துண்டுகளை நானே பிரித்தெடுப்பேன். அவர் முன்னால் மன்னிப்புக் கேட்டால் வீட்டுக்கு வரலாம். இல்லையென்றால் நீ எனக்கு யாரும் இல்லை.

மகேசன்

*

ஒஸ்லோ
02.11.2004

மகேசனுக்கு,

முதன்முறையாக உங்கள் பெயரை எழுதுகிறேன்.

ஞாயிறு நான் போர்வையை ஒளிக்கவில்லை. கட்டிலில் விரித்தே வைத்திருந்தேன். இரத்தினவேல் அண்ணர் தடவிப் பார்த்து, "நல்ல தையல், பிள்ளை" என்றார். அதைக் கேட்டதும்தான் நீங்கள் கத்தரிக்கோலை எடுத்தீர்கள். மயூரா பாய்ந்து அதன்மேல் படுத்து, "இது என்ரை. தொடாதேங்கோ அப்பா!" என்று கத்தினாள். உங்கள் கை இறங்கியது. "மகேசன், வா போவம்" என்று அண்ணர்தான் கூட்டிப்போனார். மன்னிப்பை யாரும் கேட்கவில்லை.

சட்டப்படி உங்களைப் பிரிவதற்கு நேற்று விண்ணப்பித்துவிட்டேன். கூறையின் மிச்சமும் என்னிடமே இருக்கும். மயூராவைப் பார்க்க விரும்பினால் முதலில் அவளைக் கேளுங்கள். அவள் ஓம் என்றால் கதவைத் திறப்பேன்.

அருள்ராணி