எடையில் ஏறாத பெட்டிகள்

நைரோபி, சவுத் சி
2 மார்ச் 1998

மதிப்பிற்குரிய வாப்பாவுக்கு, மகள் மவானகேரி ஸலாம் கூறி எழுதுவது.

நலம். நாற்பது இருக்கை விமானங்களை மொம்பாசாவுக்கும் கிசுமுவுக்கும் லாமுவுக்கும் ஓட்டும் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. இந்த மாதம் இருபத்தாறாம் தேதி நேர்முகத் தேர்வு. தேறினால் இணை விமானி. தேறாவிட்டால், ஜூன் மாதத்தோடு என் உரிமம் காலாவதியாகும். எட்டு மாதமாகத் தரையில் நிற்பவளுக்கு அதைப் புதுப்பித்துக்கொள்ள யார் விமானம் தருவார்?

இரவும் பகலும் படிக்கிறேன். உடன் தங்கியிருக்கும் நஃபூலா, அடுப்பில் சோளமாவு உகாலி கிண்டிக்கொண்டே கேள்வி கேட்கிறாள். “இருபதாயிரம் அடியில இருக்க. எத்தனை மைல் முன்னாடி இறங்க ஆரம்பிப்ப? சீக்கிரம் சொல்லு, கட்டி தட்டுது.” அறுபது என்றேன். “சரி. முதலாளி சொன்னதை எப்பவாவது மறுத்திருக்கியா?” மறுத்திருக்கிறேன் என்றேன். துடுப்பை என் பக்கம் நீட்டினாள். “அப்படிச் சொல்லாதடி. பணிவா ஆலோசனை சொன்னேன்னு சொல்லு.”

நான் மறுத்தது உங்களுக்குத் தெரியும். போன ஜூலையில், நம் எதிர்த்தீவு மண்டாவின் ஓடுதளத்தில், உச்சி வெயிலில், எடைச் சீட்டில் இல்லாத நண்டுப் பெட்டிகள் ஆறு என் விமானத்தின் வயிற்றில் இருந்தன. நூற்றெண்பது கிலோ. சூடேறிய காற்று அவ்வளவைத் தூக்காது. ஓட்ட மாட்டேன் என்று இறங்கினேன். அன்றே முதலாளி முபாரக் என்னை வேலையிலிருந்து நீக்கினார். இப்போது என் லாக்புக்கின் கடைசிப் பக்கங்களில் அவருடைய முத்திரை வேண்டும். இரண்டு முறை கேட்டும் அவர் தரவில்லை. அந்த முத்திரை இல்லாவிட்டால் நான் பறந்த முந்நூறு மணி நேரம் பறக்காததாகிவிடும். விமானத் துறை அலுவலகத்தில் முறையிட்டிருக்கிறேன்.

துஆ செய்யுங்கள்.

மகள்,
மவானகேரி


லாமு
14 மார்ச் 1998

கண்மணி மவானகேரிக்கு, தகப்பன் அத்மான் லாலி ஸலாமும் துஆவும் கூறி எழுதுவது.

இறைவனுக்கே புகழ். உன் கவலை தீர்ந்தது. அலுவலகங்களின் வாசலில் நீ நிற்க வேண்டியதில்லை.

நேற்று ஜும்ஆ தொழுகைக்குப் பின், பள்ளிவாசலின் மூத்தவர்கள் நால்வரை அழைத்துக்கொண்டு முபாரக்கின் வீட்டுக்குப் போனேன். நம் ஊர் வழக்கப்படி ஒரு தட்டு அல்வாவும் காவாக் காப்பிக் கூஜாவும் கொண்டுபோய், உன் சார்பில் மன்னிப்புக் கேட்டேன். பிணங்கியவர்களை இணக்குவதை வேதம் எத்தனை உயர்வாகப் பேசுகிறது என்று நான்கு வார்த்தை சொன்னேன். முபாரக் எழுந்து நின்று என் கையைப் பற்றினார். “ஆலிம்சா, நீங்க என் வாசலுக்கு வந்ததே போதும். எனக்கு வேற என்ன வேணும்?” என்றார். பிறகு ஒரு காகிதத்தை நீட்டினார். ‘என் மகள் இளமையின் பிடிவாதத்தால் பணியை மறுத்துத் தவறிழைத்தாள்’ என்று அதில் இருந்தது. பெரியவர்கள் முன்னிலையில் கையெழுத்திட்டேன். அப்போதே அவர் முத்திரைக் கடிதம் எழுதி உறையிலிட்டார். அதை இதனுடன் அனுப்பியிருக்கிறேன்.

நம் பழம்பாடல்களில் கடலேறுபவன் முதலில் கரையிலுள்ளவர்களோடு சமாதானம் செய்துகொள்வான். ஆகாயத்துக்கு மட்டும் வேறு முறையா?

உன் வாப்பா,
அத்மான் லாலி


நைரோபி
19 மார்ச் 1998

வாப்பாவுக்கு,

ஸலாம். இந்தக் கடிதத்தை மூன்று முறை கிழித்து எழுதுகிறேன்.

இன்று காலை விமானக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். “உங்க பழைய முதலாளி ஒரு காகிதம் அனுப்பியிருக்கார். உங்க அப்பா கையெழுத்துப் போட்டிருக்காராமே. கோப்புல சேர்த்தாச்சு, தெரிஞ்சுக்கோங்க.” நீங்கள் காவா ஊற்றிக்கொடுத்து வாங்கிய சமாதானம் இதுதான். அவருக்குத் தேவைப்பட்டது முத்திரைக்கு விலை அல்ல, வாப்பா. அந்த ஆறு பெட்டிகளைப் பற்றி இனி நான் எங்கே வாய் திறந்தாலும், ‘தகப்பனே தவறென்று சொல்லிவிட்டார்’ என்று காட்ட ஒரு சான்று. அதை என் எதிரியிடமிருந்து அவர் வாங்கவில்லை. உங்களிடமிருந்து வாங்கியிருக்கிறார்.

என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? எட்டு மாதம் வேலையின்றி நின்றபோதும் நான் கேட்காத மன்னிப்பை என் பெயரில் கேட்க உங்களுக்கு யார் அதிகாரம் தந்தது? அன்று விமானத்தில் பதினொரு பேர் இருந்தார்கள். அவர்களில் இருவர் கைக்குழந்தைகள். நான் ஓட்டியிருந்தால் அந்த நான்கு பெரியவர்களை நீங்கள் ஜனாஸாவுக்குத்தான் அழைத்துப்போயிருப்பீர்கள்.

நிறுவையில் வஞ்சிப்பவர்களுக்குக் கேடு என்னும் அத்தியாயத்தை ஏழு வயதில் எனக்கு ஓதிக்கொடுத்தவர் நீங்கள். அந்தப் பாடத்தை நான் மண்டாவில் ஒப்பித்தேன். நீங்கள் அதை அல்வாத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டீர்கள்.

வியப்பும் இல்லை. மொம்பாசா மாமிக்கென்று கன்ஸு அங்கிக்குள் மூன்று கிலோ அல்வாவைக் கட்டிக்கொண்டு எடைமேடையில் ஏறாமல் நழுவியவர்தானே நீங்கள். சுமை ஏற்றும் பையன் சிரித்தான். நானும் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

மவானகேரி


லாமு
22 மார்ச் 1998

மகளுக்கு,

அறுபத்தெட்டு வயதில், நரைத்த தாடியோடு, என் வயதில் பாதியும் இல்லாத ஒருவன் வீட்டில் தலை குனிந்து நின்றேன். எனக்காக அல்ல. அதற்கு நீ தந்த கூலி, என் இடுப்பிலிருந்த அல்வாவின் எடை.

பெற்றவனைத் தராசில் ஏற்றுகிறவளுக்கு எழுத என்னிடம் அதிகமில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். நேர்முகத் தேர்வில் உன் விருப்பப்படி பேசு. ஆனால் அந்நியர் முன்னிலையில் என் கையெழுத்தைப் பொய் என்று சொல்லாதே. அதில் நான்கு பேருடைய சாட்சியும் இருக்கிறது.

அத்மான் லாலி


நைரோபி
28 மார்ச் 1998

மதிப்பிற்குரிய வாப்பாவுக்கு,

ஸலாம். உங்கள் சொல்லை மீறினேன். பிறர் வழியாகக் கேட்பதைவிட என் கையால் எழுதிவிடுவது முறை.

மேசைக்குப் பின்னால் மூவர். நடுவில் கேப்டன் முத்தோனி, ஐம்பது வயதிருக்கும், மூக்குக் கண்ணாடியைக் கழற்றாமலே தூங்கக்கூடியவர் போன்ற முகம். காற்று, எரிபொருள், எஞ்சின் நின்றால் என்ன செய்வாய் என்றெல்லாம் ஒரு மணி நேரம் கேட்டார்கள். பிழையின்றிச் சொன்னேன். பிறகு அவர் அந்தக் காகிதத்தை எடுத்தார்.

“இது உங்கப்பா கையெழுத்தா?”

“ஆமாம், கேப்டன்.”

“நீ தப்பு பண்ணிட்டேன்னு எழுதியிருக்காரே.”

நஃபூலா சொல்லிக்கொடுத்த பணிவான ஆலோசனை நாக்கு நுனியில் இருந்தது. உங்கள் கடிதம் என் பையில் இருந்தது.

“எங்கப்பா அன்னிக்கு ஓடுதளத்துல இல்லை. எனக்கு வேலை கிடைக்கணும்னு போட்ட கையெழுத்து அது. அவர் அன்பு உண்மை, கேப்டன். காகிதத்துல எழுதியிருக்கிறது உண்மை இல்லை.”

“இதை அவர் முகத்துக்கு நேரா சொல்லுவியா?”

“எழுதிட்டேன். அதோட என்னை மகள்னு கூப்பிடறதையே குறைச்சுட்டார்.”

மற்ற இருவரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “அந்த ஆறு பெட்டியை நீ எண்ணினியா, கேள்விப்பட்டியா?” என்றார். எண்ணி, இறக்கி, நிறுத்தேன் என்றேன். ஒவ்வொன்றும் முப்பது. ஏதோ குறித்துக்கொண்டு, போகலாம் என்றார். முடிவை ஏப்ரலில் சொல்வார்களாம்.

பெருநாளுக்கு ஊர் வரப்போவதில்லை. நீங்களும் அழைக்கவில்லை.

மகள்,
மவானகேரி


லாமு
18 ஏப்ரல் 1998

மகள் மவானகேரிக்கு, வாப்பா ஸலாம் கூறி எழுதுவது.

உன் கடிதத்தைப் படித்துக் கடும் கோபம் கொண்டேன். நீ பிழை என்று நிறுவவே பெருநாள் கழிந்தபின் படகேறி மண்டாவுக்குப் போய், எடைமேடைக்கு எதிரில் மூன்று காலை உட்கார்ந்தேன். உட்காருவதற்கு யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

மூன்றாம் நாள் நண்டுப் பெட்டிகள் வந்தன. நான்கு தராசில் ஏறின. ஐந்து குடிசைக்குப் பின்புறமாக விமானத்துக்குப் போயின. சுமை ஏற்றுகிறவனைக் கூப்பிட்டு, “அதை நிறுக்கலையா?” என்று கேட்டேன்.

“அது எடையில்லாத நண்டு, ஆலிம்சா. முதலாளி நண்டு. நீங்க நிழல்ல உட்காருங்க.”

ஊசி எத்தனையைக் காட்டியது, சீட்டில் எத்தனை எழுதினார்கள், இரண்டையும் என் கண்ணால் பார்த்தேன். அந்த விமானத்தில் நம் தெருப் பிள்ளைகள் இருவர் பள்ளிக்கூடம் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அது மேலேறி மறையும்வரை என் உதடு ஓதிக்கொண்டிருந்தது. என்ன ஓதினேன் என்று எனக்கே தெரியாது.

நேரே முபாரக்கிடம் போய்க் காகிதத்தைத் திருப்பித் தரச் சொன்னேன். “மன்னிப்பைத் திரும்பக் கேட்கிற வழக்கம் நம்ம ஊர்ல ஏது ஆலிம்சா? சாப்பிட்ட அல்வாவை நான் எப்படித் திருப்பித் தர?” என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

வழக்கம் இல்லைதான். நேற்று ஜும்ஆவுக்குப் பின் உண்டாக்கிவிட்டேன். அதே நால்வரையும் பக்கத்தில் நிறுத்தி, அறியாததற்குச் சாட்சி சொன்னேன், அந்தச் சாட்சியை மீட்டுக்கொள்கிறேன், என் மகள் எண்ணியது சரி என்று ஜமாஅத் முழுதும் கேட்கச் சொன்னேன். ஹாஜி ஷீ மட்டும் கையெழுத்திட மறுத்தார். அவருடைய மருமகன் முபாரக்கிடம் வேலை செய்கிறான். மற்ற மூவரின் கையெழுத்தோடு உன் கேப்டனுக்கு அனுப்பியிருக்கிறேன். மண்டாவில் பார்த்ததை விமானத் துறைக்கும் எழுதியிருக்கிறேன்.

முபாரக்கின் மீதுள்ள கோபம் தணியவில்லை. தணிய வேண்டாம் என்றே கேட்கிறேன். உன் மீது இருந்தது தணிந்துவிட்டது. ஆயினும் அல்வாவைப் பற்றி எழுதியது அதிகம். மூன்று கிலோ அல்ல, இரண்டரை.

உன் வாப்பா,
அத்மான் லாலி


நைரோபி
25 ஏப்ரல் 1998

என் வாப்பாவுக்கு, மகள் ஸலாம் கூறி எழுதுவது.

உங்கள் கடிதம் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது வியாழக்கிழமை. எனக்கு வேலை உறுதியானது செவ்வாய்க்கிழமை. கேப்டன் முத்தோனி அதைப் படித்துவிட்டு என்னிடமே கொடுத்தார். “கோப்புக்கு இது தேவையில்லை. நீ வச்சுக்கோ. தேவைப்படறவ நீதான்” என்றார். நஃபூலா அதை இரண்டு முறை சத்தமாகப் படித்தாள், உகாலி அடிப்பிடித்தது.

பயிற்சி முடிந்து ஜூலை பதினெட்டாம் தேதி லாமுவுக்கு முதல் முறை வருகிறேன். மொம்பாசா வழியாகத் திரும்பும் விமானத்தில் உங்களுக்கு ஓர் இருக்கை எடுத்திருக்கிறேன். மொம்பாசா மாமிக்கு அல்வா கொண்டுவாருங்கள், எத்தனை கிலோவானாலும். ஆனால் எடைமேடையில் ஏறும்போது அது உங்கள் கையில் இருக்கட்டும், அங்கிக்குள் வேண்டாம்.

அன்று அந்தச் சீட்டைச் சரிபார்த்துக் கையெழுத்திடப்போவது நான்.

உங்கள் மகள்,
மவானகேரி