இரணியனை முட்டிய பன்றி

அன்புள்ள அக்கா,

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். அடுத்த அறையில் சித்தப்பா மட்டும் முனகிக்கொண்டிருக்கிறார்.

நேற்றிரவு கோயில் திடலில் இரணிய நாடகம். வழக்கம்போல் அவர்தான் இரணியன். "எங்கேடா உன் நாராயணன்?" என்று தூணை அவர் உதைத்தபோது, கொள்ளிடப் படுகையிலிருந்து காட்டுப்பன்றி ஒன்று பாய்ந்து வந்து அவரைத் தள்ளிவிட்டது. கிரீடம் உருண்டது. முதலில் அலறிய சனம், பிறகு கும்பிட்டது.

"வராக சாமியே வந்துடுச்சு! இந்தாளு என்ன பாவம் பண்ணானோ!"

நம் தோப்புப் பலாவுக்கு அந்தப் பன்றி தினமும் வரும் என்று உனக்குத் தெரியும். பழுத்து வெடித்த பழத்தைச் சிம்மாசனத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்தது நான்தான். பன்றி ஒரு சுளைகூட மிச்சம் வைக்கவில்லை.

ஆனால் சித்தப்பாவுக்குச் சந்தேகம். "எந்தப் பய வேலைடா இது?" என்று இன்று மாலைவரை கத்தினார். எண்ணெய் போட்டுத் தேய்த்தும் என் கையில் பலா வாசனை போகவில்லை. விடியும்வரை அவர் என் பக்கத்தில் வராமல் இருக்க வேண்டும்.

கடற்கரைப் பையனை விரும்பினாய் என்று உன் கூந்தலை அறுத்து வெளியே தள்ளினாரே, அக்கா. பாவம் தீர அவர் மொட்டை போட வேண்டும் என்று ஊர் தீர்மானித்துவிட்டது. காலையில் குளத்தங்கரையில் முதல் ஆளாக நிற்பேன். கடைசி முடி விழும்வரை பார்ப்பேன்.

படித்ததும் கிழித்துவிடு.

உன் தங்கை